‘சரிபார்க்கப்பட்ட வாடகைதாரர்’ என்ற பச்சைக் குறியை நம்பியதில் 86,160 ரூபாய் போயிற்று

சேலையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு, வாடகைதாரர்களைத் தீர விசாரித்து அனுப்புவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையத் தளத்தின் மூலம் ஆள் அமர்த்தியதில் 86,160 ரூபாயை இழந்திருக்கிறோம். வெளியூரில் இருந்துகொண்டு சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், சட்டத்துக்கு உட்பட்டு ஆளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று விளக்கவே எழுதத் தொடங்கினேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டணம் 12,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 14,160. அதற்கு ஈடாக வந்த அறிக்கையில் அந்த மனிதரின் ஆதார், பான், பணிச் சான்று, குற்றப் பின்னணி ஏதுமில்லை என்ற ஒரு வரி, பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி எல்லாம் இருந்தன. “நாங்க விசாரிச்சு அனுப்புற ஆள் சார், நீங்க நிம்மதியா இருங்க” என்றார் அவர்களுடைய ஊழியர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணம் கட்டினோம். அவர்களுடைய படிவம் வருகிறவர் சைவமா அசைவமா, என்ன சமூகம் என்றெல்லாம் கேட்டிருந்தது. முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்கவில்லை என்பதை இப்போது பார்க்கும்போது வயிறு எரிகிறது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே முன்பணமாகச் சொல்வதால், 18,000 ரூபாய் வாடகைக்கு 54,000 மட்டுமே அட்வான்ஸ் வாங்கினோம். ஒப்பந்தத்தைத் தளமே தயாரித்தது. வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டாமா என்று கேட்டதற்கு, பதினொரு மாதம்தானே, தேவையில்லை என்றார்கள். இது பச்சைப் பொய். இந்தச் சட்டத்தில் பதினொரு மாதத்துக்கு விலக்கு கிடையாது. பதியாத ஒப்பந்தம் சான்றாகவும் நிற்காது.

நான்கு மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. அதன்பிறகு ஏழு மாதம் ஒரு ரூபாய்கூடத் தராமல் இருந்துவிட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முன்பணத்தைக் கழித்தால் 72,000 நிலுவை. தளத்தின் கட்டணத்தையும் சேர்த்தால் 86,160. பணிச் சான்றில் இருந்த நிறுவனத்துக்கு நானே தொலைபேசியில் பேசியபோது, அறிக்கையின் தேதிக்கு முன்பே அவர் அங்கிருந்து விலகிவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு அழைப்பு போதும். அதைக்கூடச் செய்யாமல் பச்சைக் குறி போட்டிருக்கிறார்கள்.

தளத்திடம் முறையிட்டால் புகார் எண் வரும், பதில் வராது. எங்களிடம் பேசிய ஊழியர் வேலையை விட்டுவிட்டாராம். அடுத்து வந்தவர், அடையாளத்தை மட்டுமே சரிபார்க்கிறோம், நடத்தைக்குப் பொறுப்பில்லை என்று விதிமுறைகளில் இருக்கிறதே என்றார். இன்னொருவர், ஆள் இன்னும் வீட்டில் இருந்த சமயத்தில், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிடுங்கள், தானாகப் போய்விடுவார் என்று யோசனை சொன்னார். வாடகை பாக்கி இருந்தாலும் அப்படி நிறுத்துவதை அதே சட்டம் தடை செய்கிறது. கேட்டிருந்தால் குற்றம் எங்கள் தலையில் விழுந்திருக்கும். 86,160 ரூபாயில் தங்கள் பங்கான 14,160ஐயாவது திருப்பித் தருவீர்களா என்ற மின்னஞ்சலுக்கு, உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு தானியங்கிச் செய்தி வந்தது.

விளக்கமாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. முந்தைய வீட்டு உரிமையாளரிடமும் பணியிடத்திலும் நீங்களே பேசுங்கள். ஆதாரின் நகலை நம்பாமல் கியூஆர் குறியை ஆதார் செயலியில் வைத்துப் பாருங்கள். சாவி கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை அரசின் வாடகை இணையதளத்தில் பதியுங்கள்; வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் வாடகை நின்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், ஏழு மாதம் காத்திருக்க வேண்டாம். சேவைக் குறைபாட்டுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. என் மனுவை இன்றிரவு எழுதி முடிக்க வேண்டும். இதே போன்ற தளத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள், ரசீதையும் அந்தப் பச்சைக் குறி இருக்கும் அறிக்கையையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.