முளைப்பயறு கட்ட எது நல்லது? டப்பா, துவர்த்து, துளைப்பாத்திரம்: பல வருட அனுபவம்

முளைகட்ட என்றே விற்கும் மூன்றடுக்குப் பிளாஸ்டிக் டப்பா வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முளைப்பயறு வேண்டும் என்றால் வாங்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. துவர்த்து என்று நாங்கள் சொல்லும் துண்டு, டப்பா, கண்ணாடி பாட்டில், அரிசி களையும் துளைப்பாத்திரம் என்று எல்லாவற்றிலும் பல வருடமாக முளை எடுத்து வருகிறேன். முதலில் ஆரல்வாய்மொழிப் பக்கம் வாடகை வீடு, அப்புறம் மார்த்தாண்டம். இரண்டும் குமரி மாவட்டம்தான், இடையே 50 கிலோமீட்டருக்குள்தான் தூரம். இருந்தாலும் அங்கே நன்றாக வந்த முறை இங்கே வரவில்லை. சமையல் குறிப்புகள் எல்லாம் "ஈரத்துணியில் கட்டி வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எந்த ஊரில், எந்த மாதத்தில் என்பதுதான் முக்கியம், அதை யாரும் சொல்வதில்லை.

துவர்த்தில் கட்டுவது எங்கள் வீட்டுப் பழைய வழக்கம். மாமியார் ராத்திரி சிறுபயறை ஊறப்போட்டு, காலையில் வடித்து, நனைத்துப் பிழிந்த துவர்த்தில் கட்டி மூடிய பானைக்குள் வைப்பார். மறுநாள் காலையில் அரை அங்குல முளை இருக்கும். ஆரல்வாய்மொழியில் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் இந்த முறைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மலைக் கணவாய் வழியாகக் காற்று பாய்கிற ஊர் அது. பக்கத்தில் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். துணியை வெளியே தொங்கவிட்டால் மதியத்துக்குள் காய்ந்து விறைத்துவிடும். ஓரத்துப் பயறு முளை தலைகாட்டியதோடு சுருங்கி நின்றுவிடும், நடுவில் இருப்பது மட்டும் வளரும். அதனால் பானைக்குள்தான் வைக்க வேண்டும், மதியம் ஒரு தடவை தண்ணீரும் தெளிக்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் அதே மாதங்களில் மழை பெய்யும். துணி காயவே காயாது. மூட்டை வெளியே குளிர்ந்திருக்கும், பிரித்துக் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். முளைக்கிற விதை மூச்சு விடுகிறது, அப்போது சூட்டையும் வெளியே விடுகிறது. குவியல் பெரிதாக இருந்தால் நடுவில் சூடு தங்கிவிடும், அங்கிருந்துதான் புளிப்பு தொடங்கும். பயறைக் கழுவுவதன் முதல் வேலை ஈரம் கொடுப்பது என்று நினைக்கிறோம். எங்கள் ஊர்ச் சூட்டில் அதைவிடப் பெரிய வேலை, அந்தச் சூட்டையும் வழவழப்பையும் அடித்துக்கொண்டு போவது. மார்ச் முதல் மே வரை காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு தடவை கழுவுகிறேன். மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் இரண்டு தடவை போதும். "மக்ளே, வாயில போடுறதுக்கு முன்ன மோந்து பாரு" என்று மாமியார் சொல்வார். நல்ல முளைக்குப் பச்சைப் பட்டாணி உரிக்கும்போது வருகிற மணம் இருக்கும். புளித்த வாடை லேசாக அடித்தாலும் நான் அதைத் தென்னை மூட்டில் கொட்டிவிடுவேன். கழுவிச் சமைத்துவிடலாம் என்று பார்க்க மாட்டேன்.

துவர்த்துக்கு இன்னும் இரண்டு குறை உண்டு. வேர் நூலுக்குள் புகுந்துகொள்ளும், பிரித்தெடுக்கும்போது பாதி முளை ஒடியும். சோப்புத்தூளின் மணம் துணியில் நின்றால் அது பயறுக்கும் ஏறும். முளைகட்டவென்று தனியாக ஒரு துவர்த்து வைத்து, அதை வெந்நீரில் மட்டும் அலசி வெயிலில் உலர்த்துகிறேன்.

இப்போது டப்பா. கீழே தண்ணீர் வடியும் கிண்ணம், மேலே துளை போட்ட இரண்டு தட்டு, ஒரு மூடி என்று இருக்கும் வகைதான் என்னிடம் இருப்பது. சிறுபயறு, காணம் (கொள்ளு), தட்டைப்பயறு மூன்றும் இதில் நன்றாக வருகின்றன. மெல்லிய அடுக்காகப் பரவுவதால் சூடு தங்குவதில்லை, அதுதான் இதன் பெரிய நன்மை. மேல் தட்டில் இன்றைக்கு ஊறியது, கீழ்த்தட்டில் நேற்றைக்கு ஊறியது என்று மாற்றி மாற்றிப் போட்டால் தினமும் ஒரு கை முளை கிடைக்கும். வெந்தயம் துளை வழியாக விழுந்துவிடும், அதற்கு வலைத்துணி கட்டிய கண்ணாடி பாட்டிலே சரி. பாட்டிலைச் சாய்த்துக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் தானாக வடியும். டப்பாவின் கஷ்டம் சுத்தம் செய்வதில்தான். வேர் துளைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும், பழைய பல்துலக்கும் பிரஷ் இல்லாமல் வராது. அடிக்கிண்ணத்துத் தண்ணீரை மறந்து விட்டுவிட்டால் அடுத்த நாளே வழவழப்பு படியும். நாள்பட்ட பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, அந்தக் கீறலில் வாடை தங்க ஆரம்பித்தால் டப்பாவை மாற்றிவிட வேண்டியதுதான். முதலில் வாங்கிய டப்பாவின் மூடி சீக்கிரமே வெடித்தது. ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியாக வைத்துப் பயன்படுத்தினேன், வேலை நடந்தது.

நான் மிகவும் விரும்புவது துளைப்பாத்திரம். அரிசி களைய வைத்திருக்கும் ஸ்டீல் பாத்திரமேதான். ஹோட்டல் நூடுல்ஸில் வருகிற மாதிரி நீளமான, வெள்ளையான, சாறுள்ள முளை இதில்தான் வரும். ஊறிய சிறுபயறை ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஈரத்துணி, அதன்மேல் உள்ளே இறங்குகிற அளவுக்கு ஒரு தட்டு, தட்டின்மேல் ஒன்றரைக் கிலோ பாரம். அம்மிக்குழவி இருந்தால் போதும். பிறகு பாத்திரத்தை ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்து மூடிவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்துக் கசக்கும். பாரம் வைப்பது வேடிக்கைக்கு இல்லை. அமுக்கத்தில் வளரும் முளை எத்திலீன் என்ற வாயுவை அதிகம் சுரக்கிறது, அதனால் தண்டு நீண்டு மெலியாமல் தடிக்கிறது. பாரம் இல்லாமல் வளர்த்த முளை நூல் மாதிரி இருக்கும், வதக்கினால் நாராகிவிடும். பகலில் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்திரத்தோடு குழாயடியில் பிடித்துத் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். நான்கு நாளில், வெயில் காலமானால் அதற்கும் முன்பே, விரல் நீளம் வந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வீட்டில் பகலில் ஒருவர் இருந்தால்தான் முடியும்.

எதில் கட்டினாலும் பயறு சரியில்லை என்றால் பலன் இல்லை. பாக்கெட்டில் பளபளப்பாக வரும் பயறைவிட, கோட்டாறு கம்போளத்திலும் திங்கள்சந்தையிலும் சாக்கைத் திறந்து வைத்து விற்கும் பயறில் எனக்கு நல்ல முளை கிடைத்திருக்கிறது. கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். துளை இருந்தால் வண்டு தின்றது, அது முளைக்காது. ஒரு புதுச் சாக்கு என்றால் முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி, 100 மணியை எண்ணி ஊறவைத்துப் பார்ப்பேன். 90-க்கு மேல் முளைத்தால் மறுபடி போய்க் கூடுதலாக வாங்குவேன். ஊறிய பிறகும் கல்லாகக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிடும்போது பல்லில் மாட்டும். விதைக்கடையில் விதைப்பதற்கென்று விற்கும் பயறை மட்டும் எக்காரணத்தாலும் வாங்காதீர்கள். பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருப்பார்கள்.

சிறுபயறுக்கு 8 மணி நேர ஊறல் போதும். கறுப்புக் கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம். காணம் மெதுவாக முளைக்கும், ஆனால் எளிதில் கெடாது. முளைகட்டிப் பழகுகிறவர்கள் சிறுபயறுக்கு அடுத்து அதை எடுக்கலாம். தட்டைப்பயறு சீக்கிரம் வாடை பிடிக்கும், முளை தலைகாட்டியதும் சமைத்துவிட வேண்டும். முழு உளுந்து வழவழவென்று ஆகிவிடும், நான் விட்டுவிட்டேன். ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாகத் தொடவே கூடாது, அதில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். கொதிக்கக் கொதிக்க நன்றாக வெந்தால்தான் அது போகும்.

பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. முளைக்கத் தேவையான ஈரமும் சூடும் கிருமிக்கும் அப்படியே பொருந்தும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய ஈ.கோலை கிருமியால் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கிருமி விதையிலேயே ஒட்டி வந்தால் வீட்டில் எவ்வளவு கழுவினாலும் முழுதும் போகாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் இருக்கும் வீட்டில் முளைப்பயறை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே வேகவைத்துத்தான். சத்தைப் பற்றியும் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். 100 கிராம் காய்ந்த சிறுபயறில் சுமார் 24 கிராம் புரதம், அதே எடை நீள முளையில் சுமார் 3 கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். புரதத்துக்காக என்றால் பயறை அப்படியே வேகவைத்துச் சாப்பிடலாம். முளைகட்டுவதில் கிடைப்பது வேறு. காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி உருவாகிறது, வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் குறைகின்றன, சீக்கிரம் வேகிறது. காணம் சாப்பிட்டால் வயிறு உப்பும் என்று ஒதுக்கி வைத்திருந்த மாமியார், முளைகட்டிய காணத்தை நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

சரி, சமையல். முளைப்பயறுக்கு வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் போட்ட சாலட்தான் என்று நினைத்திருப்பவர்கள் ஒரு தடவை துவரன் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிடி தேங்காய்த் துருவல், இரண்டு காந்தாரி மிளகாய், சீரகம், மஞ்சள், ஒரு பல் பூண்டு, இரண்டு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்). இதைத் தண்ணீர் விடாமல் அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைக்க வேண்டும், மிக்ஸியில் என்றால் ஒரே ஒரு சுற்று. தேங்காய் எண்ணெயில் கடுகும் மிளகாய் வத்தலும் கறிவேப்பிலையும் தாளித்து, துவர்த்திலோ டப்பாவிலோ எடுத்த குட்டை முளையைப் போட்டு, உப்பும் கையால் தெளித்த தண்ணீரும் சேர்த்து மூடி, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம். பயறை நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் மணி உடையக் கூடாது. அப்போது அரைப்பை நடுவில் வைத்து, சுற்றியிருக்கும் பயறால் மூடி, ஆவி ஏறியதும் கிளறி இறக்கிவிடலாம். காய்ந்த பயறில் வைக்கும் துவரன் மாவாகக் குழையும். இதில் ஒவ்வொரு மணியும் தனியாக நிற்கும், லேசான இனிப்பும் இருக்கும். சம்பா அரிசிக் கஞ்சிக்கு இதுதான் எங்கள் ராத்திரிச் சாப்பாடு, சுட்ட பப்படமும் மாங்காய் ஊறுகாயும் கூட இருந்தால் வேறு எதையும் தேட மாட்டோம். காலையில் புட்டுக்கும் இதே பயறு.

முளைகட்டிய கறுப்புக் கடலையை வறுத்தரைத்த தேங்காயில் தீயல் மாதிரி வைப்பேன். கொத்தமல்லி, வத்தல், நல்லமிளகு எல்லாம் தேங்காயோடு கறுக்கச் சிவக்க வறுத்து, மைய அரைத்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட வேண்டும். கடலை முளைவிட்டதால் குக்கரில் குறைந்த விசிலே போதும்.

நீள முளைக்கு இரும்புச் சட்டியும் பெரிய தீயும் வேண்டும். நெத்தோலிக் கருவாட்டைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பூண்டு, பச்சை மிளகாய், பிறகு முளை. மூடக் கூடாது, தண்ணீர் விட்டு வதங்கிப்போகும். ஆவி பறக்க, தண்டு கண்ணாடி மாதிரி ஆகிற வரைக்கும் விடாமல் புரட்டி, நல்லமிளகுப் பொடியும் கருவாடும் சேர்த்து இறக்க வேண்டும். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது, தனியாக வேண்டாம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் 61 நாள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடலும் இருப்பதால், மீன் விலை ஏறி நிற்கும் நாட்கள் நீளமாகவே இருக்கும். இந்தக் கறி எங்கள் வீட்டில் அப்போதுதான் அதிகம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல நாள் கரண்ட் இல்லை, காய்கறியும் சரியாக வரவில்லை. அரிசியும் பயறும் கிணற்றுத் தண்ணீரும் இருந்தன. முளைகட்ட அடுப்போ கரண்டோ வேண்டாம் என்பதால் அந்த நாட்களில் பச்சைக் காய்க்குப் பதிலாக இதுதான் தட்டில் இருந்தது. பிரிட்ஜ் ஓடாததால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கட்டினோம்.

மற்ற நாட்களில் முளையைச் சேமிக்க, கழுவி நன்றாக உலரவிட்டுத்தான் பிரிட்ஜில் வைக்க வேண்டும், ஈரத்தோடு வைத்தால் வழவழக்கும். குட்டை முளை மூன்று நாள் வரை நன்றாக இருக்கும், நீள முளையை மறுநாளே சமைத்துவிடுவேன். ஒரு கப் பயறு குட்டை முளையாகும்போது இரண்டரை, மூன்று கப் வரை பெருகும் என்பதைக் கணக்கில் வைத்து ஊறப்போடுங்கள். மிஞ்சினால் குட்டை முளையை ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, பிரீசரில் போடலாம். துவரனுக்கோ தீயலுக்கோ எடுக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. நீள முளையை பிரீசரில் வைத்தால் தண்ணீராகிவிடும்.