விளக்கில் பனி பிடிக்க வைக்க எது தோது: பெல்டியரா, கம்பிரஸரா, ஐஸ் பாரா?

கும்பகோணத்தில் இருபது வருடமாக ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பார்க்கிறேன். கவின் கலை படிக்கும் ஒரு தம்பி போன வருடம் பட்டறைக்கு வந்து, "அண்ணே, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒண்ணு வச்சிருக்கேன். அது எரியக் கூடாது, பனி பிடிச்சு நிக்கணும். முடியுமா?" என்று கேட்டார். மூன்று வழிகளைச் செய்து பார்த்தோம். குளிரை வைத்துச் சிற்பம் செய்ய ஆசைப்படும் டெல்டாப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹான்ஸ் ஹாக்க என்ற ஜெர்மானியக் கலைஞர் 1960-களில் நட்டுக்குத்தாக நிற்கும் ஒரு கம்பியைக் குளிர்பதன யூனிட்டோடு இணைத்தார். அறையில் இருந்த ஈரமே அதன்மேல் பனியாகப் படிந்தது. 'ஐஸ் ஸ்டிக்' என்பது அதன் பெயர். 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 9 கிராம் தண்ணீர்கூட இருக்காது. ஐப்பசி மழையில் நம் ஊர்க் காற்று 28 டிகிரி, 85 சதவீதம் என்று நிற்கும்போது அதில் 23 கிராம் இருக்கும். சிற்பத்துக்கு வேண்டிய பொருள் நம்மைச் சுற்றியே மிதக்கிறது. அதைப் பிடித்து வேலை வாங்கும் இயந்திரம் எது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடை போட்டேன்.

பெல்டியர் தகடு தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். கேஸ் இல்லை, சத்தம் இல்லை. ஆனால் இழுத்த வெப்பத்தோடு, தான் தின்ற கரண்டையும் வெப்பமாக்கி மறுபக்கம் தள்ளுகிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தபோது சூட்டை வெளியே விடும் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. விளக்கு வியர்த்ததோடு சரி. ஒரு வெற்றிலை அளவு செப்புத் தகட்டில் பனி பூக்க வைக்க இது அருமையான பொருள். மூன்றடிப் பித்தளை விளக்குக்குத் தாங்காது.

அடுத்தது கம்பிரஸர். பழைய இரும்புக் கடையில் ஒரு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கி, அதன் கம்பிரஸரையும், பின்னால் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரையும் எடுத்துக்கொண்டோம். விளக்கின் தண்டைத் துளை விட்டு வார்க்கச் சொல்லி, உள்ளே கால் அங்குலச் செப்புக் குழாயைச் சுருட்டி இறக்கினோம். முதல் தடவை பனியே வரவில்லை. குழாய்க்கும் பித்தளைக்கும் நடுவில் இருந்த மெல்லிய காற்று குளிரைத் தடுத்துவிட்டது. இடைவெளியில் சாலிடர் ஊற்றிய பிறகு தண்டு இருபதே நிமிடத்தில் வெளுத்தது. தட்டின் ஓரம் மட்டும் ஈரமாகவே நின்றது. செம்பில் பாயும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் பித்தளையில் பாயாது, அதுதான் காரணம். தம்பிக்கு அந்தக் குறையே பிடித்துப்போனது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் சொட்டும் துளி என்று அப்படியே விட்டுவிட்டார்.

பனி முதலில் வெல்வெட் மாதிரி மெல்லிய ஊசிகளாக வரும், அப்புறம் தடிக்கும். தடிக்கத் தடிக்க அதுவே உலோகத்துக்குப் போர்வையாகிவிடும். வெளிப்பரப்பு பூஜ்ஜிய டிகிரியைத் தொட்டதும் வளர்ச்சி நிற்கும். எவ்வளவு பருமன் என்பதை அன்றைய காற்றுதான் முடிவு செய்யும். பார்க்க வருகிறவர்களின் மூச்சும் அதில் சேரும். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

குழாய்க்குள் ஓடிக் குளிரைத் தரும் கேஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். ஃப்ரிட்ஜில் போடும் கேஸ்களில் ஆர்134ஏ தீப்பிடிக்காது, ஆனால் வெளியே விட்டால் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்600ஏ அந்த வகையில் மிக நல்லது, ஆனால் எரியும். லைனில் கேஸ் இருக்கும்போது, குழாய் பற்றவைக்கும் டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. கம்பிரஸர் எந்தக் கேஸுக்கு உண்டானதோ அதையே போடுங்கள்.

கரண்ட்? திறப்பு விழா அன்றே போனது. திரும்ப வந்தபோது சில விநாடி விட்டு மறுபடி வெட்டி வந்ததால், கம்பிரஸர் உறுமிவிட்டு, அதைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்ச் வெட்டி நின்றுவிட்டது. இரு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். கரண்ட் வந்ததும் சில நிமிடம் கழித்தே உள்ளே விடும் டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் அவசியம். மார்க் க்வின் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1991-ல் தன் ரத்தத்தையே உறையவைத்துத் தன் தலையைச் செய்தார். அதற்குக் குளிர் நின்றால் உருவமே போய்விடும். எங்கள் விளக்கு உருகியது, கரண்ட் நிலைத்ததும் மறுபடி பூத்தது. நம் ஊருக்கு இது பெரிய பலம்.

ஐஸ் பாருக்கு நாகப்பட்டினம் போனோம். மீனுக்கு வாங்கும் 50 கிலோ பார். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2015-ல் பாரிஸில் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகள் 12-ஐ மக்கள் தொட்டுப் பார்க்கும்படி வைத்தார். அந்த வழிதான் இது. இயந்திரம் ஐஸ் கம்பெனியிலேயே நின்றுவிடும், நம் கைக்கு வருவது அதன் விளைவு மட்டும். ஆனால் விளக்கை வளர்த்த அதே ஈரம் இங்கே எதிரியாகிறது. ஒரு கிராம் ஈரம் கட்டிமேல் தண்ணீராகப் படியும்போது விடும் வெப்பம் 7 கிராம் ஐஸைக் கரைத்துவிடும். கல்யாண மேடையில் புகை கிளப்பும் டிரை ஐஸையும் யோசித்தோம். மூடிய அறையில் மூச்சுக்கு ஆபத்து என்பதால் விட்டுவிட்டேன்.

அறைக்குள் வாரக்கணக்கில் நிற்க வேண்டிய வேலைக்கு நான் கம்பிரஸரைத்தான் சொல்வேன், அதையும் ஐப்பசி கார்த்திகையில் வையுங்கள். கடற்கரையில் ஒருநாள் காட்சி என்றால் ஐஸ் பார் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் பாருக்குப் போட்டி குறைவு. வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் என்பதால், விடிகாலை நான்கு மணிக்கே இறக்கி வைத்துவிடுங்கள்.