பார்க்குக்கும் மலைக்கும் ஒரே ஸ்னோபோர்டு: சில சீசன்களுக்குப் பிறகு

பார்க்குக்கு (சாகசம் செய்ய ரெயில், பனிமேடு எல்லாம் அமைத்த பகுதி) ஒன்று, மலைக்கு ஒன்று என இரண்டு ஸ்னோபோர்டு, அதாவது பனியில் சறுக்கும் பலகை, வாங்க வசதி இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. ஒரே போர்டில் ரெயிலும் (சறுக்கிப் போக வைத்திருக்கும் இரும்புக் கம்பி) ஏற வேண்டும், மலை முழுக்கச் சுற்றவும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது.

என்னுடையது 155 செ.மீ. நீளம், நடுத்தர விறைப்பு, முன்னும் பின்னும் ஒரே வடிவம் கொண்ட ட்வின். கால்களுக்கு நடுவே கேம்பர், அதாவது மேல்நோக்கிய வளைவு; இரு முனைப் பக்கமும் சற்றே தூக்கியிருக்கும். கனடாவின் விஸ்லர் பிளாக்கோம்ப் பனிச்சறுக்குத் தலத்தில் சில சீசன்களாக இதைத்தான் ஓட்டுகிறேன். பிளாக்கோம்ப் பக்கம் கேட்ஸ்கின்னர் லிஃப்ட் அருகே இருக்கும் பார்க்கில் பாதி நேரம், மீதி நேரம் மலையில்.

ஃப்ளெக்ஸ் எண்ணை, அதாவது விறைப்பைச் சொல்லும் எண்ணை, நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஐந்து இன்னொரு கம்பெனியில் ஏழாக இருக்கும். பொது அளவுகோல் எதுவும் கிடையாது. கையால் வளைத்துப் பார்ப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். முடிந்தால் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

வளைவு விஷயம் அப்படியல்ல, முதல் நாளே தெரிந்துவிடும். முழு கேம்பரில் எகிறும்போது நல்ல துள்ளல், திரும்பும்போது நல்ல பிடிப்பு. ஆனால் பாக்ஸ் (ரெயிலைவிட அகலமான சறுக்குமேடை) மேல் போர்டைக் குறுக்கே திருப்பும்போது லேசாகச் சாய்ந்தாலும் எட்ஜ் (போர்டின் ஓரத்து இரும்பு விளிம்பு) மாட்டி, ஆள் கீழே. முழு ராக்கர், அதாவது கேம்பருக்கு நேர் எதிரான வளைவு, அந்த விஷயத்தில் சாது; வேகம் கூடினால் தளதளவென்று ஆடும். இரண்டும் கலந்த என்னுடையதில் கிக்கருக்கு (எகிறிக் குதிக்கும் பனிமேடு) போதுமான துள்ளல் இருக்கிறது, ரெயிலிலும் மன்னிக்கிறது. போர்டின் பின்முனை முன்னால் வரும்படி தரையிறங்கினால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது ட்வினின் பெரிய சௌகரியம்.

சரி, இந்த ஏற்பாடு எங்கே இடிக்கிறது? எட்ஜில்தான். வடிவத்தில் சமரசம் செய்துகொள்ளலாம், எட்ஜில் முடியாது. ரெயிலுக்குப் போகிறவர்கள் முனைகளருகேயும் கால்களுக்கு நடுவேயும் எட்ஜை அரம் போட்டு மழுக்குவார்கள். விஸ்லர் கடலோர மலை. அடிவாரத்தில் மழை பெய்து இரவில் உறைந்தால், காலையில் கீழ்ச்சரிவுகள் கண்ணாடி மாதிரி இருக்கும். மழுங்கிய எட்ஜோடு அங்கே இறங்குவது சுகமான அனுபவம் அல்ல. அதனால் முனைகளை மட்டும் மழுக்கிவிட்டு நடுப்பகுதியைக் கூர்மையாகவே விட்டிருக்கிறேன். ரெயிலில் கொஞ்சம் கவனம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். இரும்பில் தொடர்ந்து இடித்ததில் குதிகால் பக்க எட்ஜில் ஒரு மயிரிழை விரிசலும் விழுந்திருக்கிறது. பார்க் போகிற எந்தப் போர்டுக்கும் வருவதுதான். தண்ணீர் உள்ளே இறங்கி மரம் ஊறாதபடி எபாக்ஸி போட்டு அடைத்திருக்கிறேன்.

போர்டின் அடித்தளம் சின்டர்ட் வகை, அதாவது பிளாஸ்டிக் தூளை அழுத்திச் செய்தது. மெழுகை நன்றாக உறிஞ்சும், தட்டையான இடங்களில் நிற்காமல் ஓடும். மெழுகு போடச் சோம்பல்பட்டால் அந்த அனுகூலம் போய்விடும். பார்க் மட்டுமே போகிறவர்களுக்கு பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யும், விலை குறைந்த எக்ஸ்ட்ரூடட் அடித்தளமே போதும் என்பேன். பழுது பார்ப்பதும் சுலபம்.

ஆழமான பவுடர் பனியில் ட்வின் கொஞ்சம் சோதிக்கும். போர்டின் மூக்கு புதையாமல் இருக்கப் பின்னால் சாய்ந்தே ஓட்டுவதால் பின்கால் தொடை எரியும். 2 செ.மீ. இடைவெளியில் துளைகள் உள்ள போர்டு என்றால் இரண்டு பைண்டிங்கையும் (ஷூவைப் போர்டோடு பூட்டும் பிடி) ஒரு துளை பின்னால் தள்ளிப் பூட்டுங்கள். பர்ட்டன் கம்பெனியின் சேனல் (துளைகளுக்குப் பதில் நீளவாக்கில் ஒரு பள்ளம்) போன்ற அமைப்பில் இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர்த்தலாம். கோட்டுப் பையில் ஒரு திருப்புளி எப்போதும் இருக்கட்டும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தை விட எடையைப் பாருங்கள். கம்பெனி போடும் எடை அட்டவணை காட்டும் நீளத்தில் பார்க் ஆசை அதிகமுள்ளவர்கள் ஓரிரு செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். பாதம் பெரியது என்றால் நடு அகலம்தான் முதல் கேள்வி: ஷூ விரல் பக்கம் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சாய்ந்து திரும்பும்போது பனியில் உரசி வழுக்கிவிடும். கடையில் ஷூவைப் பைண்டிங்கில் மாட்டி, போர்டைச் சாய்த்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அப்புறம், புது மாடல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் சீசன் முடியும் வசந்தகாலத்தில் வாங்குங்கள். புது மாடலில் பெரும்பாலும் மாறியிருப்பது போர்டின் மேலுள்ள ஓவியம் மட்டும்தான்.