ஒரே ஒரு நாள்: எலஃபோனிசியா, பாலோஸா?

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் கானியா நகரில் தங்கியிருக்கிறீர்கள், கடற்கரைக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், எலஃபோனிசி, பாலோஸ் என்ற இரண்டு கடற்கரைகளில் எதற்குப் போவது என்ற கேள்வி கட்டாயம் வரும்.

எலஃபோனிசி தென்மேற்கு மூலையில், கானியாவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். மலைப்பாதை வளைந்து வளைந்து போவதால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆனால் தார்ச்சாலை, கோடையில் பேருந்தும் உண்டு. முழுக் கடற்கரையும் ரோஸ் நிறம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அலை வந்து திரும்பும் ஓரத்தில்தான் அந்தச் சாயல்; எல்லாம் நொறுங்கிய கடல் ஓடுகளின் துகள். மணலைப் பையில் போட்டுக்கொண்டு வரத் தடை. எதிரே உள்ள குட்டித் தீவுக்கு ஆழமில்லாத தண்ணீரில் நடந்தே போய்விடலாம். குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்?

வடமேற்கில் இருக்கும் பாலோஸ் அழகில் ஒரு படி மேல், ஆனால் படுத்தும். காரில் போனால் கலிவியானி ஊரைத் தாண்டி சுமார் 8 கிலோமீட்டர் மண்பாதை. பல வாடகைக் கார்களின் காப்பீடு அங்கே செல்லாது. அப்புறம் நடை. இறங்கும்போது நீலமும் பச்சையுமாக மொத்தக் காயலும் காலடியில் விரியும், சரி. மதிய வெயிலில் திரும்ப ஏறும்போதுதான் சங்கதி தெரியும். கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போனால் இந்தத் தொல்லை இல்லை, வெனிஸ்காரர்கள் கட்டிய கிராம்வூசா கோட்டையையும் பார்க்கலாம். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது, அவ்வளவுதான்.

இரண்டிலும் நிழல் அரிது. குடும்பத்தோடு என்றால் என் ஓட்டு எலஃபோனிசிக்கு. கால் வலிக்காதவர்கள் பாலோஸுக்கு விடியலிலேயே கிளம்பிவிடுங்கள்.