பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி: எதை வைத்து மதிப்பிடுவது?

மருத்துவமனை விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது சின்னத் தழும்புதான். புற்றுநோய் அறுவையில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை வாயுவால் உப்பவைத்து, கேமராவும் கருவிகளும் நுழைய 5 முதல் 12 மி.மீ. வரையிலான நான்கைந்து துளைகள் போடுவார்கள். அவை போக, அறுத்த குடலை வெளியே எடுக்க 4 முதல் 6 செ.மீ. வெட்டும் தேவை. உள்ளே நடக்கும் வேலை வயிற்றைத் திறந்து செய்வதேதான்: ரத்தக்குழாயை அது கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே முடிச்சிட்டு, புற்றுக்கட்டியின் இருபுறமும் நல்ல குடலையும் நிணநீர்க் கணுக்கள் (புற்று பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) பொதிந்த கொழுப்பையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். எடுத்த துண்டின் பயாப்சி அறிக்கையில் குறைந்தது 12 கணுக்களாவது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். தழும்பைவிட அந்த எண் முக்கியம்.

வாயு நிரப்பிச் செய்தால் துளைகள் வழியே புற்று பரவுமோ என்ற பயம் 1990களில் பலமாக இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 872 நோயாளிகளை வைத்து நடந்த காஸ்ட் ஆய்வு 2004இல் அதைப் பெரிதும் தணித்தது. மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 16 சதவீதம், திறந்த அறுவையில் 18; இரண்டும் ஏறக்குறைய சமம். மருத்துவமனையில் தங்குவது 6 நாளிலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர, ஒவ்வொரு சர்ஜனும் குறைந்தது 20 குடல் லேப்ராஸ்கோப்பிகளை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அனுபவம் இல்லாத கைக்கு அந்த எண்கள் பொருந்தாது.

அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். சிலருக்குப் பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டியிருக்கும். கட்டி பக்கத்து உறுப்பைப் பிடித்திருக்கும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் இடது சிறுநீர்க்குழாய் தெளிவாகத் தெரியாது. அந்த நிலையில் சீக்கிரமே திறக்கும் சர்ஜன் நல்ல சர்ஜன். அடைப்பால் குடல் ஊதிப்போயிருந்தால் கேமராவுக்கு இடமே இருக்காது. பெரும்பாலும் முதலிலேயே திறப்பதுதான் சரி.

பலர் கோட்டைவிடுவது மை அடையாளத்தில். லேப்ராஸ்கோப்பியில் குடலைக் கையால் தடவிப் பார்க்க முடியாது. சிறிய கட்டி வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. அதனால் ஆசனவாய் வழியே கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே கட்டிக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் மை ஏற்றி, எங்கே ஏற்றினோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும். ஊசி ஆழமாகப் போனால் மை வயிற்றுக்குள் சிந்தி அடையாளம் குழம்பும். மையே இல்லாவிட்டால் தவறான பகுதியை வெட்டும் ஆபத்து உண்டு. ஆபரேஷனுக்கு முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இடப்பக்கக் குடலைப் பெரும்பாலும் ஆசனவாய் வழியே செலுத்தும் வட்ட ஸ்டேப்ளரால் இணைப்பார்கள். இணைப்பு கசியாமல் இருக்கிறதா என்று அறிய, ஸ்டேப்ளரில் வெட்டி வந்த இரு குடல் வளையங்களும் முழுதாக உள்ளனவா என்று பார்த்து, இடுப்புக்குழியில் நீர் ஊற்றிக் குடலுக்குள் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்றும் சோதிப்பார்கள்.

ரோபோ கருவியால் செய்தால்? மலக்குடல் அறுவைக்காக 471 பேரிடம் நடந்த ரோலார் ஆய்வில், நடுவில் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2. புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் இல்லை. ரோபோ இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை என்பதே நம் கருத்து.

சீக்கிரம் வீடு திரும்புவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இணைப்புக் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தலைகாட்டும். நோயாளி அப்போது வீட்டில் இருக்கலாம். வாயுவால் வரும் தோள்வலி ஓரிரு நாளில் போய்விடும். வயிற்றுவலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், நாடித்துடிப்பு கூடினால், காய்ச்சலோ வயிற்று உப்பலோ வந்தால் அன்றே திரும்பிப் போய் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண் இருக்கிறதா, ரத்த உறைவைத் தடுக்கும் ஊசியை 28 நாள் வரை போட வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.