மாடல் எம் கீபோர்டு: கடைக் கன்வெர்ட்டரா, நாமே செய்வதா?

ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டை இன்றைய லேப்டாப்பில் ஓட்ட இரண்டு வழி. ரெடிமேடாக விற்கும் பிஎஸ்/2–யூஎஸ்பி கன்வெர்ட்டர் (பழைய வட்டப் பிளக்கான பிஎஸ்/2-ஐ யூஎஸ்பியாக மாற்றுவது) வாங்கலாம், இல்லையென்றால் புரோ மைக்ரோ என்ற குட்டி சர்க்யூட் போர்டில் டிஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டுகளுக்கான, சிப்பிலேயே ஏற்றும் புரோகிராம்) ஏற்றி நாமே செய்யலாம்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள்: ஊதா நிறத்தில் சல்லிசாகக் கிடைக்கும் குட்டி அடாப்டர் ஆகவே ஆகாது. அதற்குள் வெறும் கம்பிதான், யூஎஸ்பி பேசத் தெரிந்த கீபோர்டுக்குத்தான் உதவும். மாடல் எம்முக்கு அந்தப் பாஷையே தெரியாது. சிப் உள்ள ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் மட்டமானவை வேகமாக அடித்தால் எழுத்தை விழுங்கும், அல்லது பழைய மாடல் எம் இழுக்கும் கரண்டுக்குத் தாங்காமல் விளக்கை மட்டும் மினுக்கிவிட்டு நின்றுவிடும். நல்லதாக அமைந்தால் சொருகினோம், அடித்தோம், அவ்வளவுதான். ஆபீசில் நாலு லெட்டர் அடிக்க இதுவே போதும்.

நான் சால்டரிங் பக்கம், அதாவது நாமே செய்யும் கட்சி. நாலே கம்பிதான்: 5 வோல்ட், கிரவுண்ட், கிளாக், டேட்டா. 101 கீ மாடல் எம்மில் விண்டோஸ் கீயே கிடையாது, கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றி ஃபர்ம்வேரிலேயே எழுதிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் அப்படியே வேலை செய்யும். கடைக் கன்வெர்ட்டர் என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகச் செட் செய்துகொண்டிருக்க வேண்டும். அப்புறம், மாடல் எம்முக்கு முந்தைய, ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர் காலத்து மாடல் எஃப் கீபோர்டு கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நாமே செய்வதுதான்; அது அனுப்பும் ஸ்கேன் கோடே (எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று சொல்லும் குறியீடு) வேறு, சாதாரண கன்வெர்ட்டருக்குப் புரியாது.