மனசு மாறிவிட்டது என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

ஹட்டனில் என் மாலை வகுப்புக்கு வரும் பையன் ஒருவன், முதலில் வேண்டாமென்ற வேலைக்கு இப்போது சம்மதம் என்று ஈமெயில் போட்டிருந்தான். 'ஐ சேஞ்ட் மை ஹார்ட்' என்று எழுதியிருந்தான். வாசித்தவர் இருதய ஒப்பரேஷன் என்று நினைத்திருப்பார்.

அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'மனசு' ஒன்றே எல்லா வேலையும் பார்க்கிறது. கடையில் பால் டீ சொல்லிவிட்டு, "இல்லண்ணே, பிளேன்டீயே குடுங்க" என்றாலும் மனசு மாறியதுதான். ஏழு வருசம் பேசாத தங்கச்சி வீட்டுக் கல்யாணத்தில் போய் நின்றாலும் மனசு மாறியதுதான். இங்கிலீஷ்காரர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். டீக்கு 'சேஞ்ட் மை மைண்ட்'. தங்கச்சிக்கு 'ஹேட் எ சேஞ்ச் ஒஃப் ஹார்ட்'; பகையோ பிடிவாதமோ இளகியிருந்தால் அது பொருந்தும். டீக்கு அதைச் சொன்னால் சிரிப்பார்கள். தங்கச்சிக்கு மைண்ட் சொன்னால் கொஞ்சம் உப்பில்லாமல் இருக்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் மைண்ட் பக்கமே போங்கள்.

'கம் ரவுண்ட்' என்பது முரண்டு பிடித்தவர் மெல்ல நம் பேச்சுக்கு வருவது. தெமோதரை ஸ்டேஷனை விட்ட ரயில் மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழையுமே, அந்த மாதிரி. மயக்கம் தெளிவதற்கும் இதே சொல்தான். சில மாமனார்களுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

'செக்கன்ட் தோட்ஸ்' என்றால் இன்னும் மாறவில்லை, உள்ளே அரிக்கத் தொடங்கியிருக்கிறது.

'யூ-டேர்ன்', 'ஃப்ளிப்-ஃப்ளொப்' இரண்டும் நம்ம 'பல்டி' சாதி. அடுத்தவனைச் சொல்லத்தான் ஆகும். பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு யூ-டேர்ன் பிடிக்கும். 1980 கட்சி மாநாட்டில் அப்போதைய பிரதமர் மார்கரெட் தட்சர், வேண்டுமானால் நீங்கள் திரும்புங்கள், நான் திரும்ப மாட்டேன் என்று மார்தட்டியது இதை வைத்துத்தான். அமெரிக்காவில் ஃப்ளிப்-ஃப்ளொப். 2004 ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நின்ற ஜோன் கெரியைப் புஷ் அணி இந்தச் சொல்லாலேயே அடித்தது. ரப்பர் செருப்புக்கும் அதுதான் பெயர் என்பதால், புஷ் ஆட்கள் செருப்பையே தூக்கிக் காட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் சம்பளப் பேச்சுவார்த்தைக் காலத்தில் நம் பக்கமும் பல்டிக்குப் பஞ்சமில்லை. செருப்பு மட்டும் இன்னும் காலில்தான் இருக்கிறது.

பையனின் ஈமெயிலுக்கு இவை எதுவும் சரிவரவில்லை. மைண்ட்கூட வேலை தருபவரிடம் கொஞ்சம் விளையாட்டுத்தனமாகப் படும். 'ஐ ஹேவ் ரீகன்சிடர்ட்', அதாவது மறுபடி யோசித்துப் பார்த்தேன், என்று இரண்டாவது ஈமெயில் எழுதினோம். "அப்ப ஹார்ட்ட என்ன சேர் செய்றது?" என்றான்.